கடல் பார்த்த பக்கம்

தண்டவாளத்தைப் பிடுங்கி எடைக்குப் போட்டு, அடியில் கிடந்த கட்டைகளையெல்லாம் ஊர் அடுப்பில் எரித்துத் தீர்த்து, ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஒரு கோழிக்கறிக் கடை வந்து, அந்தக் கடையும் நொடித்துப் பூட்டிய பிறகு, சாளைக்கரை உப்பளத்தின் பழைய இரட்டைமூஞ்சி இன்ஜின் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் மணியடிக்கிற நேரத்தில், தானாகவே ஊருக்குத் திரும்பி வந்தது. உள்ளே நெருப்பில்லை, மேலே புகையில்லை, ஓட்டுகிற ஆளில்லை, ஓடுவதற்கு ஒரு முழம் தண்டவாளமும் இல்லை. தார்ரோட்டின் இடது ஓரமாகவே வந்து, எதிரே வந்த மினி பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும்வரை பொறுத்து, அளக்காரர் தெருவுக்குள் நுழைந்து உலகம்மாள் வீட்டு முன்சுவரோடு ஒட்டி, ஒரு காகிதம் நுழைகிற இடைவெளிகூட இல்லாமல் நின்றுகொண்டது. மினி பஸ் டிரைவரைக் கேட்டதற்கு அவன் சொன்னது இவ்வளவுதான்: "இண்டிகேட்டர் போடல. மத்தபடி ஒழுங்காத்தான் ஒதுங்குச்சு."

உலகம்மாள் அப்போது உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் வெளிச்சம் பட்டென்று அணைந்தது. திரும்பிப் பார்த்தால், வாசல்படிக்கு அந்தப் பக்கம் தெரு இல்லை, எதிர்வீடு இல்லை, வானமும் இல்லை; நிலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரே இரும்பு. கறுத்து, வரிசையாக ஆணி அடித்த, கொதிக்கிற இரும்பு. அவள் எழுந்துபோய்க் கையை வைத்தாள். சுட்டது. எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"வந்துட்டியா சனியனே" என்றாள். அரிசி பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

அந்த இன்ஜினைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். உப்பளத்திலிருந்து தோணித்துறை வரைக்கும் உப்பு ஏற்றிப் போவதற்காக, இரண்டடி அகலத்தில் கம்பெனி ஒரு சின்ன லைன் போட்டிருந்தது. அதில் ஓடுவதற்கென்று கப்பலில் வந்திறங்கியதுதான் இந்த இன்ஜின். இரண்டு பக்கமும் மூஞ்சி, இரண்டு பக்கமும் புகைபோக்கி. நடுவயிற்றில் நெருப்புப் பெட்டி. அந்த நெருப்புப் பெட்டிக்கு ஒரு பக்கம் டிரைவர் நிற்பார், மறு பக்கம் கரி அள்ளிப் போடுகிற ஆள் நிற்பான். நடுவில் பாய்லர் அடைத்துக்கொண்டிருப்பதால் இங்கிருந்து அங்கே போக முடியாது, குரல் மட்டும் போகும். இதில் விசேஷம் என்னவென்றால் இந்த இன்ஜினைத் திருப்பவே வேண்டாம். போகும்போது ஒரு மூஞ்சி முன்னால், வரும்போது மறு மூஞ்சி முன்னால். வந்த நாளிலிருந்து ஓய்ந்த நாள்வரை அது ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. அதனால் டிரைவர் நிற்கிற பக்கம்தான் எப்போதும் ஊரைப் பார்த்தது, கரி ஆள் நிற்கிற பக்கம் எப்போதும் கடலைப் பார்த்தது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பித்தளைக் கைப்பிடி வைத்த கதவும், அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிற டிரைவர் பொன்னுதுரையும்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்தது நாரைகளும் கொக்குகளும். ஷெட்டில் நிற்கும்போதும் அந்தப் பக்கம் சுவரோடு சுவராகத்தான் நிற்கும்.

அந்தப் பக்கத்தில் நின்றவன் வெயில்முத்து, உலகம்மாளின் புருஷன். கரி போடுகிற இடத்தில் இன்னும் நாலு கூடை கூடுதலாக அடைக்கலாம் என்று கணக்குப் பார்த்து, கம்பெனி அந்தப் பக்கத்துக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, வாசலை ஒரே தகடாக வைத்து அடைத்து ஆணி இறக்கியிருந்தது. காலையில் மேலே கரி கொட்டுகிற ஓட்டை வழியாக ஏணி வைத்து உள்ளே இறங்குவான். ஏணியை எடுத்துவிடுவார்கள். சாயங்காலம் ஏணி வைத்தால் ஏறி வருவான். "ஏட்டி, நான் இன்ஜின்ல வேல பாக்கல, கிணத்துக்குள்ள வேல பாக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவான் அவளிடம். ஒருநாள் தோணித்துறை வளைவில் குழாய் வெடித்து ஆவி உள்ளே புகுந்தது. பொன்னுதுரை கதவைத் திறந்து குதித்தார். வெயில்முத்துவைக் கம்பெனி கேட்டைப் பூட்டிக்கொண்டு மேல்வழியாக எடுத்தார்கள். வாழை இலையில் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தான்.

கருமாதி முடிவதற்குள் இன்ஜின் லாரி ஏறி ஊரைவிட்டுப் போனது. கரி கொட்டிய இரண்டு வெளியூர்க்காரர்களும் அதே வாரத்தில் வேறு எங்கோ அனுப்பப்பட்டார்கள். கம்பெனி விசாரணை வைத்தது. இரண்டு பக்கமும் கதவு உண்டு, ஆள் குடித்துவிட்டுத் தூங்கியதால் கதவைத் திறக்கவில்லை என்று எழுதியது. டிரைவர் பொன்னுதுரை ஆமாம் என்று கையெழுத்துப் போட்டார். கள்ளின் வாசம் பட்டாலே குமட்டுகிற வெயில்முத்து, சாளைக்கரையில் குடிகாரனாகிப் போனான். வகுப்பில் கண் அயர்கிற பையனை வாத்தியார் தட்டி எழுப்பும்போது, "எலே, வெயில்முத்து மாதிரி தூங்காத" என்பார். அது அந்த ஊரில் ஒரு வழக்கமாகவே ஆனது. அவன் மகள் சொர்ணக்கிளி அதே வகுப்பில்தான் இருந்தாள். பிறகு அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, தெருமுனையில் விசாரித்துவிட்டு, அப்படியே போனார்கள். அப்படி எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுவதை அவளே விட்டுவிட்டாள். இப்போது நாற்பதைத் தாண்டி, தையல் மிஷினோடு அம்மாவின் வீட்டிலேயே இருக்கிறாள்.

உலகம்மாள் சொல்லாத இடமில்லை. உப்பு வாருகிற பாத்தியில் சொன்னாள், ரேஷன் வரிசையில் சொன்னாள், சொள்ளமாடன் கோயில் கொடையில் சாமியாடியிடம் சொன்னாள். "அந்தப் பக்கம் கதவு கெடையாது." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். புருஷன் போன துக்கத்தில் பேசுகிறாள் என்றார்கள், அப்புறம் வயசாகிப் பேசுகிறாள் என்றார்கள். இன்ஜின்தான் இல்லையே, எதைக் காட்டுவாள்?

இப்போது இன்ஜின் வந்திருக்கிறது. வந்தது சரி. ஆனால் அந்த அறிவுகெட்ட இரும்பு எப்படி நின்றது? காலம் முழுக்க நின்ற மாதிரியே நின்றது. பித்தளைக் கைப்பிடிக் கதவைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு, அடைத்த பக்கத்தை உலகம்மாள் வீட்டுச் சுவரில் பொத்திக்கொண்டு நின்றது. திரும்பவே படிக்காத இன்ஜின் அல்லவா? உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஏற்கெனவே தெரிந்தவளிடம் வந்து அவளுக்கு மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், இன்ஜினுக்கு வெட்கம் வருகிற அளவுக்குச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டது. போலீஸ் வந்து ஆர்.சி. புக் கேட்டுவிட்டு, பதில் வராததால் போனது. நகராட்சி ஆள் வந்து ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒட்டினான். சூட்டில் பசை காய்ந்து நோட்டீஸ் விழுந்தது. மறுபடி ஒட்டினான், மறுபடி விழுந்தது. எதிர்த்தரப்பு நோட்டீஸை வாங்க மறுக்கிறது என்று எழுதிக்கொண்டு போனான். நெருப்பில்லாமலே கொதிக்கிற இரும்பை யாராவது வீணாக விடுவார்களா? இடதுபக்க மூஞ்சி தொம்மையின் டீக்கடை முன்னால் நீண்டிருந்ததால், தொம்மை பால் சட்டியை அதன்மேல் தூக்கி வைத்துவிட்டுக் கேஸ் அடுப்பை விற்றுவிட்டான். வலதுபக்க மூஞ்சியில் பெண்கள் கருவாடு காயப்போட்டார்கள், மழைக்காலத்தில் பள்ளிக்கூடச் சட்டைகளை உலர்த்தினார்கள். இடுப்புவலிக்காரர்கள் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாதா கோயில் சப்பரம் ஒரு தெரு தள்ளிச் சுற்றிப் போகச் சம்மதித்தது. கல்யாண ஜோடிகள் அந்தப் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

உலகம்மாள் வீட்டுக்கு வாசல் இல்லாமல் போனதையும் ஊர் கவனிக்காமல் விடவில்லை. தெருக்காரர்கள் கூடிப் பேசி, ஆளுக்கொரு கை கொடுத்து, வீட்டின் பின்சுவரை இடித்துச் சாக்கடைப் பக்கமாக ஒரு வாசல் வைத்துக் கொடுத்தார்கள். "ஒரு கஷ்டமும் இல்ல பாத்தியளா சித்தி, இனிம இப்படிப் போங்க, இப்படி வாங்க" என்று தொம்மை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அவளுக்கு நல்லது செய்ததில் அவர்களுக்கு ரொம்பத் திருப்தி.

வீட்டுக்குள் அடுப்பு இல்லாமலே வேர்த்தது. தண்ணீர்ப் பானை மதியத்துக்குள் வெந்நீரானது. தைக்கிற துணியில் வேர்வை சொட்டுகிறதென்று சொர்ணக்கிளி மிஷினைச் சாக்கடையோரம் தூக்கிப் போட்டுத் தைத்தாள். "யம்மா, நாம வேற வீடு பாத்துப் போயிருவோம்" என்றாள்.

"உங்கப்பன் எங்க போனான் வேற எடம் பாத்து?" என்றாள் உலகம்மாள். "இந்தச் சூட்டுலதான நின்னான். நாமளும் நிப்போம்."

"செத்தவுக செத்தாச்சு. விடும்மா."

இந்த "விடும்மா" என்பதைச் சொர்ணக்கிளி தாவணி போட்ட நாளிலிருந்து சொல்லிவருகிறாள். உலகம்மாள் விட்டதில்லை.

பிறகு பட்டணத்திலிருந்து ஒரு வேனில், சின்ன லைன் ரயில் என்றால் உயிரை விடுகிற குறும்பாதை அன்பர் சங்கம் வந்து இறங்கியது. தலைவர் ரகுநந்தன், பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், தலையில் தொப்பி, கழுத்தில் இரண்டு கேமரா. இறங்கியவர் இன்ஜினைப் பார்த்ததும் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். மற்றவர்களும் அழுதார்கள். இந்த மாதிரி அழுகையைச் சாளைக்கரை சாவுவீட்டில்கூடப் பார்த்ததில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறும்பாதை இன்ஜின் வகைகளைப் பற்றி ஊருக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். குதிரைமேல் சேணம் போட்ட மாதிரி பாய்லர்மேல் தண்ணீர்த்தொட்டியைக் கவிழ்த்த இன்ஜின் உண்டு. ஏற்றத்தில் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு ஏறுகிற இன்ஜின் உண்டு. பாய்லரை நடுவில் தொங்கவிட்டு முன்னும் பின்னும் தனித்தனி வண்டியாக வளைந்து போகிற பாம்பு இன்ஜின் உண்டு. எல்லாவற்றிலும் அபூர்வம், அழகிலும் அறிவிலும் உச்சம், இதோ நிற்கிற இரட்டைமூஞ்சி என்றார்கள். இல்லை, பாம்புதான் உச்சம் என்றார் ஒரு சங்கத்துக்காரர். அவர்களுக்குள்ளேயே கைகலப்பாகிவிடுமோ என்று தொம்மை பால் சட்டியை இறக்கி வைத்தான்.

ஒரு மாதம்தான். சாளைக்கரை முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. சலூனில் சேணக்கட்சிக்காரன் பாதி சவரத்தில் எழுந்து பல்சக்கரக் கட்சிக்காரனோடு சண்டைக்குப் போனான். உப்பு வாருகிறவர்கள் பாத்தியில் இரண்டு அணியாக நின்று வாருபலகையை ஓங்கினார்கள். சம்பந்தம் பேசுகிற இடத்தில், "மாப்பிள்ளைக்குப் பிடிச்ச இன்ஜின் எது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இவ்வளவு அலசிய ஊரில் ஒருத்தருக்காவது, இந்த இன்ஜினுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறதே, அதைப் பார்ப்போமே என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் ஆச்சரியம்.

டிரைவர் பொன்னுதுரைக்குத்தான் யோகம். எண்பதை நெருங்கியவர், காது மந்தம், மூட்டுவலி. சாயங்காலமானால் வெள்ளைச் சட்டையும் விபூதிப்பட்டை மாதிரி பவுடரும் போட்டுக்கொண்டு வந்து, பித்தளைக் கைப்பிடிப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். சங்கத்துக்காரர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்பார்கள். அவர் கைக்குட்டையால் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, வளைவில் எப்படி ஓட்டினார், புயலில் எப்படி நிறுத்தினார் என்று சொல்லுவார். வெயில்முத்து வீட்டில் அந்தக் காலத்தில் எத்தனையோ நாள் இலை போட்டுச் சாப்பிட்டவர் அவர். உலகம்மாள் கையால் சாளைமீன் குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டவர். இப்போது அந்த வீட்டின் பின்பக்கம் மட்டும் அவர் கால் போகாது.

ஒருநாள் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண், நல்ல பிள்ளைதான், கையில் மைக்கை வைத்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி வந்து உலகம்மாளைக் கேட்டது: "பாட்டிம்மா, உங்களுக்குப் பிடிச்ச டிசைன் எது?"

உலகம்மாள் உப்புப் பாத்தியில் வெடித்த காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவு உள்ளது" என்றாள்.

அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. உள்ளே கூட்டிப்போய் வாசலில் நிற்கிற இரும்பைக் காட்டினாள். அது ஓடிப்போய் ரகுநந்தனைக் கூட்டிவந்தது. அவர் குனிந்து வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இரும்பைத் தடவாமல் தடவிப் பார்த்தார். செல்போனில் ஒரு படத்தை விரித்தார். "இதோ பாருங்கம்மா, இது ஒரிஜினல் வரைபடம். ரெண்டு பக்கமும் வழி இருக்கு. உங்க வாசலுக்கு நேரா தகடு வந்திருக்கு, அவ்வளவுதான். கதவு கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி இருக்கும்."

"இடதுபக்கம் என் சுவருல்லா இருக்கு."

"அப்ப சுவருக்குப் பின்னாடி இருக்கும்."

மறுநாள் உலகம்மாள் இடதுபக்க ஜன்னலைப் பெயர்த்து எடுத்தாள். அங்கேயும் இரும்பு. ரகுநந்தன் வந்து பார்த்துவிட்டு, அப்படியானால் வலதுபக்கம் என்றார். வலதுபக்கம் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டாள். அங்கேயும் இரும்பு. அப்படியானால் இந்த ஓட்டைக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கிற சுவருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்றார். அவள் எங்கே இடித்தாலும் கதவு அங்கிருந்து எழுந்து பக்கத்துச் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "டிசைன் தப்பா இருக்காதும்மா" என்றார் அவர். ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, அத நகட்டுங்க. திருப்பி நிறுத்துங்க. ஊரு பாக்கட்டும்."

"கீறல் விழுந்திரும்மா" என்று பதறினார் ரகுநந்தன். ஊரும் பதறியது. தானாக வந்ததைத் தள்ளிவிடுவது பாவம் என்றார்கள். அது ஏன் உங்கள் வீட்டு முன்னால் வந்து நிற்கிறது, யோசித்துப் பார்த்தீர்களா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறது, நீங்கள்தான் மனசு இளக வேண்டும் என்று தொம்மை டீ ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"இரும்புக்குக்கூட ரோஷம் வந்து ஊரத் தேடி வந்திருக்கு, மனுசனுக்கு வரலியே தொம்ம" என்றாள் உலகம்மாள். டீயைக் குடிக்காமல் எழுந்துபோனாள்.

சங்கம் ஒரு விழா எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு முழுக்கத் தோரணம், இன்ஜினின் இரண்டு மூஞ்சிக்கும் மாலை, மேடையில் பொன்னுதுரைக்குப் பொன்னாடை. ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கியை இன்ஜின் புகைபோக்கியிலேயே கட்டியிருந்தார்கள். அதனால் பேசியதெல்லாம் இரும்பின் வழியாக உலகம்மாள் வீட்டுக்குள் இரண்டு மடங்காகக் கேட்டது. அவள் பழையது கரைத்துக்கொண்டிருந்தாள். சொர்ணக்கிளி காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ரகுநந்தன் பேசினார், கவுன்சிலர் பேசினார், பிறகு பொன்னுதுரை மைக்கைப் பிடித்தார். தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு, பெரிய மனசோடு கடைசியில், "எங்கூட வேல பாத்த தம்பி வெயில்முத்துவையும் இந்த நேரம் நெனச்சுப் பாக்கணும்" என்றார். "நல்ல பய. அந்தத் தண்ணிப் பழக்கம் மட்டும் இல்லன்னா இன்னைக்கு எம்பக்கத்துல மேடையில உக்காந்திருப்பான். என்ன செய்ய? கைக்கெட்டுற தூரத்துலதான் கதவு இருந்துச்சு."

ஊர் உச்சுக்கொட்டியது. அந்த உச்சுக்கொட்டலும் ஒலிபெருக்கியில் வந்தது.

உலகம்மாள் கரைத்த சோற்றைக் கீழே வைத்தாள். மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்தாள். மிச்சமிருந்த முன்சுவரின் நட்டநடுவில் ஒன்று போட்டாள். உப்புக்காற்றில் இற்றுப்போன காரை, பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொன்று போட்டாள். மேலே ஓடுகள் நகர்ந்து ஒன்று அவள் தோளில் விழுந்தது.

"யம்மா! கூர விழுந்துரும்!"

"விழட்டும்."

"நமக்கு இருக்கது இந்த ஒரு வீடும்மா."

"உங்கப்பனுக்கு இருக்கது ஒரு பேருதாம்ட்டி" என்றாள். கடப்பாரையை மறுபடி ஓங்கினாள்.

சொர்ணக்கிளி பார்த்துக்கொண்டு நின்றாள். விடும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சாக்கடையோரத்துத் தையல் மிஷினை இன்னும் தள்ளி நகர்த்திவிட்டு, கூரையைத் தாங்குகிற மரத்துக்கு அம்மிக்கல்லையும் கட்டில் சட்டத்தையும் முட்டுக் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளு. நீ மேல இடி, நான் கீழ இடிக்கேன்" என்று மண்வெட்டியைத் தூக்கினாள். அம்மாவும் மகளும் பேசாமல் இடித்தார்கள். அதுவரைக்கும் சேர்த்து வைத்திருந்த எல்லாக் கோபத்தையும் அந்தச் சுவர் வாங்கிக்கொண்டது.

சுவர் விழுந்த சத்தத்தில் விழா நின்றது. இன்ஜினுக்கு மேலாகச் செம்மண் புழுதி எழும்பி மாலைகளின்மேல் இறங்கியது. என்ன ஏது என்று ஊர் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, தாங்களே வைத்துக் கொடுத்த பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. உள்ளே, முட்டுக் கொடுத்த கூரைக்குக் கீழே வீடு என்று ஒன்றுமில்லை. இடிபாட்டுக்கு நடுவே அம்மாவும் மகளும் தலையெல்லாம் மண்ணாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், இந்தப் பக்கத்துச் சுவர் முடிகிற இடத்திலிருந்து அந்தப் பக்கத்துச் சுவர் முடிகிற இடம் வரைக்கும், ஒளிந்துகொள்ள இனி ஒரு செங்கல்லும் இல்லாமல், இன்ஜினின் கடல் பார்த்த பக்கம் நின்றது.

கதவில்லை. கைப்பிடியில்லை. ஒரு காலத்தில் வாசல் இருந்த அளவுக்கு ஒரு தகடு வைத்து, சுற்றி நெருக்கநெருக்கமாக ஆணி இறக்கியிருந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூட அது என்னவென்று தெரியும்.

முதலில் பேசியவர் ரகுநந்தன்தான். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தழுதழுத்த குரலில், "இது ரொம்ப அபூர்வமான மாற்றம். எந்த இரட்டைமூஞ்சியிலயும் இப்படி ஒட்டுப்போட்டு நான் பார்த்ததில்லை" என்றார். பின்னாலிருந்து எவனோ ஒருவன், "இந்தப் பக்கமும் நல்லாத்தாம்ல இருக்கு" என்றான்.

எத்தனை வருஷம் உலகம்மாள் இவர்களிடம் போய்க் கெஞ்சியிருக்கிறாள்! கையிலிருந்த கடப்பாரையை ரகுநந்தனின் காலடியில் எறிந்தாள். அவர் கேமராவோடு துள்ளிப் பின்வாங்கினார்.

"அழகா இருக்கா? இதுக்குள்ளதான் எம் புருசன் வெந்தான். இந்தத் தகட்ட உள்ள இருந்து தட்டித் தட்டிச் செத்தான். அழகா இருக்காலே உங்களுக்கு?"

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். கூட்டத்தின் தள்ளுமுள்ளில் உள்ளே வந்துவிட்டு, வந்த வழியே நழுவப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னுதுரையின் கையைப் பிடித்தாள். தோளில் பொன்னாடை இன்னும் மினுமினுத்தது. இரும்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, கதவத் தெறங்க."

"தங்கச்சி..."

"கைக்கெட்டுற தூரம்னு இப்பந்தான மைக்குல சொன்னிய. ஊரே கேட்டுச்சு. கை எட்டுதுல்லா? தெறங்க."

அவர் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. கையைத் தூக்கி இரும்பில் வைத்தார். சூட்டில் பட்டென்று எடுத்தார். மறுபடி வைத்தார். ஆணி ஆணியாகத் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார், தகட்டின் ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். சத்தியமாக ஒரு கைப்பிடி இருக்கும், இத்தனை வருஷம் தான் சொன்னதற்காகவாவது ஒன்று முளைத்திருக்கும் என்று நம்பியவர் மாதிரி தேடினார். உள்ளங்கை சிவந்தது. கண்ணில் நீர் வழிந்து பவுடரைக் கரைத்தது.

"விடுங்க சித்தி, பாவம், வயசானவரு" என்றான் தொம்மை.

சொர்ணக்கிளி திரும்பினாள். "எங்கப்பாவுக்கு வயசாகவே இல்லையேண்ணே" என்றாள்.

பொன்னுதுரை நெற்றியை இரும்பில் முட்டாமல் முட்டிக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது.

"என்ன சொல்லுதிய? கேக்கல" என்றாள் உலகம்மாள்.

"கதவு இல்ல."

"மைக்கக் கொண்டாங்க" என்றாள் அவள்.

யாரும் நகரவில்லை. பிறகு, பிடித்த டிசைன் எது என்று கேட்ட அந்தப் பிள்ளைதான் ஓடிப்போய், வயரை இழுத்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி மைக்கைக் கொண்டுவந்தது. உலகம்மாள் அதை வாங்கி அவர் வாயருகே பிடித்தாள்.

"கதவு இல்ல" என்றார் பொன்னுதுரை. இன்ஜினின் புகைபோக்கியிலிருந்து அந்தக் குரல் தெருவுக்கும், தெருவைத் தாண்டி உப்பளத்துக்கும், தோணித்துறைக்கும் போனது. "கம்பெனிக்காரன் அடைச்சான். எனக்குத் தெரியும். வேல போயிருமேன்னு கையெழுத்துப் போட்டேன். வெயில்முத்து குடிக்க மாட்டான். அவன் தட்டுனான். நான் வெளிய நின்னு கேட்டேன்."

பெண்கள் பக்கம் யாரோ வாய்விட்டு அழுதார்கள். உலகம்மாள் அழவில்லை. அவள் முகத்தில் இளக்கம் எதுவும் வரவில்லை, வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். கதவில்லை என்ற சத்தம் கேட்டு உப்பளத்திலிருந்தும் துறையிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். மூச்சிரைக்க உள்ளே நுழைந்தவர்களைப் பார்த்தாள். பொன்னுதுரை பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்காரலாமா என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

"இப்ப வந்தவுகளுக்குக் கேக்கல" என்றாள் உலகம்மாள். மைக்கை இறக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் சொன்னார். அதற்கப்புறமும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.